எதற்கு ஒப்புக்கொண்டார்கள்? கியோட்டோவின் தொடக்கப் பள்ளி இணைப்புகள் குறித்து

1. கேள்வி

பிள்ளைகள் குறைந்துபோன நான்கைந்து பழைய பள்ளிகளை மூடிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக எல்லா வசதியும் கொண்ட ஒரே புதிய பள்ளியைக் கட்டலாமா? உலகின் பல நாடுகளில் இன்று கேட்கப்படும் கேள்வி இது. விவாதம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் வயதான கட்டடம், வகுப்புக்குப் பத்துப் பேர், தலைக்கு இவ்வளவு என்று ஆகும் செலவு. மறுபக்கம் பிள்ளை நடக்கவேண்டிய தூரம், ஊரின் நினைவு, பள்ளி போனால் ஊரும் போய்விடுமோ என்ற அச்சம். முன்னதைக் கணக்கு என்றும் பின்னதை உணர்ச்சி என்றும் பிரித்துவிடுகிறார்கள். பிரித்த பிறகு எது வெல்லும் என்பதில் ஐயமில்லை.

இந்தக் கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்த நாடுகளில் ஒன்று ஜப்பான். 1957-ல் அங்கே 26,900-க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் இருந்தன. இப்போது 19,000-க்கும் குறைவு. 2002 முதல் 2020 வரையான ஆண்டுகளில் மட்டும் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று 8,580 பொதுப் பள்ளிகள் மூடப்பட்டதாக ஜப்பானியக் கல்வி அமைச்சகமே கணக்குச் சொல்கிறது. பல ஊர்களில் இது வழக்குகளிலும் மறியல்களிலும் போய் முடிந்தது.

கியோட்டோ நகரை இந்தக் கதையின் நல்ல விதிவிலக்காகச் சொல்வது வழக்கம். 1990-களில் தொடங்கி, அறுபதுக்கு மேற்பட்ட பள்ளிகள் அங்கே இருபதுக்கும் குறைவான பள்ளிகளாக இணைக்கப்பட்டன. மேலிருந்து ஆணை போடாமல், அந்தந்த வட்டாரத்து மக்களே கூடிப் பேசி முடிவெடுத்த பிறகுதான் இணைத்தோம் என்பது மாநகராட்சியின் விளக்கம். இந்த விளக்கம் பொய்யல்ல. ஆனால் மக்கள் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் கதை வேறு திசையில் போகிறது. இக்கட்டுரை அந்தத் திசையில் கொஞ்ச தூரம் செல்ல முயல்கிறது.

2. தெருக்கள் கட்டிய பள்ளிகள்

மூடப்பட்டவை எப்படிப்பட்ட பள்ளிகள் என்று தெரியாமல் மூடலைப் புரிந்துகொள்ள முடியாது. நகர மையத்தில் மூடப்பட்ட பள்ளிகளில் பெரும்பாலானவை 1869-ல் பிறந்தவை. ஜப்பானிய அரசு நாடு முழுவதற்குமான பள்ளிக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1872-ல். கியோட்டோ அதற்கு மூன்று ஆண்டு முந்திக்கொண்டது.

அந்த முந்துதலுக்குக் காரணம் பெருமிதமல்ல, பயம். 1864-ல் அரண்மனை வாயிலருகே நடந்த சண்டையில் பற்றிய தீ நகரத்தின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. ஐந்தாண்டு கழித்துப் பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட்டார். அரண்மனையை நம்பிப் பிழைத்த நெசவாளர்களும் வணிகர்களும் கைவினைஞர்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற காலம் அது. அந்த நேரத்தில், பின்னாளில் ஆளுநரான மகிமுரா மசனாவோ முதலிய அதிகாரிகளும் நகரத்து வணிகர்களும் சேர்ந்து எடுத்த முடிவுதான் வட்டாரத்துக்கு ஒரு பள்ளி. நகரத்தின் தெருக்களை இருபத்தைந்து, முப்பது என்று தொகுத்து 'பங்குமி' என்ற நிர்வாக வட்டங்களாகப் பிரித்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் 64 பள்ளிகள் திறக்கப்பட்டுவிட்டன.

பணம் எங்கிருந்து வந்தது? அரசு ஓரளவு கொடுத்தது. தொடர்ந்து பள்ளியை நடத்திய செலவு வட்டாரத்தின் தலையில் விழுந்தது. அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றும், பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'கமடோ-கின்' என்ற அடுப்புப் பணம் கட்டியது. சில வட்டாரங்கள் அதையும் தாண்டி, முதல் திரட்டிக் கடன் கொடுத்து வட்டி வாங்கும் 'பள்ளிக் கம்பெனி' தொடங்கி, அந்த வருமானத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தன. மகமையும் பிடியரிசியும் திரட்டி 1889-ல் விருதுநகரில் க்ஷத்ரிய வித்தியாசாலையை எழுப்பியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு உண்டு. விருதுநகரில் பணம் திரட்டியது ஒரு சமூகம். கியோட்டோவில் பணம் கட்டியது ஒரு நிலப்பரப்பு. அங்கே குடியிருப்பதே கட்டணத்துக்கான தகுதி.

இந்த நிலப்பரப்புத் தன்மை கட்டடத்திலும் தெரிந்தது. பங்குமிப் பள்ளியில் வகுப்பறை ஒரு பகுதி மட்டுமே. வட்டாரப் பெரியவர்கள் கூடிப் பேசும் கூடம் அங்கேதான். வரி வசூல், அரசாணை அறிவிப்பு, காவல், தீயணைப்பு எல்லாம் அதே கூரையின் கீழ். கூரைமேல் ஒரு சிறு கோபுரம் இருக்கும். அதில் ஒரு முரசு. நேரம் அறிவிக்கவும் எங்கேனும் தீப்பிடித்தால் எச்சரிக்கவும் அதை அடிப்பார்கள். அப்படிப்பட்ட கோபுரம் ஒன்று, 1876-ல் கட்டியது, ஹிகாஷியாமா பகுதியின் யூசாய் பள்ளியில் இன்னும் நிற்கிறது. 1872-ல் கியோட்டோ வந்த சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி இந்தப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு, கியோட்டோ பள்ளிகள் குறித்து ஒரு சிறு நூலே எழுதினார்.

இதற்கு முன்பே அந்த இடங்களுக்கு ஒரு வரலாறு இருந்ததும் உண்டு. முரோமாச்சித் தெருவின் மெய்ரின் பள்ளி, வணிகர்களுக்கு ஒழுக்க நெறி போதித்த பழைய சபை ஒன்று இருந்த இடத்தில் தொடங்கியது. 1931-ல் அதைப் புதிதாகக் கட்டியபோது அந்தத் தெருவின் கிமோனோ வணிகர்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். ஓடு வேய்ந்த ஐரோப்பியப் பாணி முகப்பு. மாடிக்கு ஏறப் படிகளுக்குப் பதில் சாய்தளம். 78 பாய் விரித்த பெருங்கூடம். முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த பெத்ரோஃப் பியானோ வேறு. ஒரு தொடக்கப் பள்ளிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். பக்கத்து வட்டாரத்துப் பள்ளியைவிட நம் பள்ளி ஒரு படி மேலே இருக்கவேண்டும் என்ற போட்டி அந்தச் சுவர்களில் தெளிவாகத் தெரிகிறது.

1941-ல் போர்க்கால அரசு, பள்ளி வட்டாரங்களின் சட்ட அந்தஸ்தைப் பறித்தது. நிலமும் கட்டடமும் மாநகராட்சியின் பொறுப்பாயின. ஆனால் வட்டாரம் மறையவில்லை. இன்றும் 'மோட்டோ-கக்கு', அதாவது பழைய பள்ளி வட்டாரம், கியோட்டோவின் அன்றாட அலகு. தன்னார்வத் தீயணைப்புப் படை, ஆண்டு விளையாட்டு விழா, முதியோர் நலப் பணி, நிலநடுக்க ஒத்திகை எல்லாம் அந்த எல்லைக்குள்தான் நடக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிவுகளை மாநகராட்சி இன்றுவரை அந்த அலகின்படியும் வெளியிடுகிறது. பள்ளி இல்லாத பள்ளி வட்டாரத்துக்கு இவ்வளவு உயிர் இருப்பதுதான் பின்னால் வரும் வாதத்தின் அடிப்படை.

3. இணைப்பின் கணக்கு

இணைப்பை ஆதரிப்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலில் கட்டடம். பழைய பள்ளிக் கட்டடத்தின் ஆபத்து கற்பனையல்ல என்பதைக் கியோட்டோ நன்கு அறியும். 1934 செப்டம்பரில் முரோட்டோ சூறாவளி அடித்தபோது, நிஷிஜின் தொடக்கப் பள்ளியின் மரக் கட்டடம் சரிந்து 41 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் கற்காரைக் கட்டடங்கள் பெருகின. நிலநடுக்கத்துக்கான விதிகள் 1981-ல் கடுமையாக்கப்பட்டபோது, அதற்கு முன் கட்டிய அத்தனை பள்ளியும் ஐயத்துக்கு உள்ளானது. 2002-ல் கணக்கெடுத்தபோது ஜப்பானின் பொதுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் 44.5 சதவீதம் மட்டுமே நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று உறுதி செய்யப்பட்டிருந்தது.

ஆனால் பழைய கட்டடம் ஆபத்தானது என்பதிலிருந்து பள்ளியை இணைக்கவேண்டும் என்பது தானாக வருவதில்லை. கட்டடத்தை வலுப்படுத்தலாம், அதே இடத்தில் புதிதாகவும் கட்டலாம். அங்கிருந்து இணைப்புக்குத் தாவச் செய்வது வேறொன்று. அதைத் தேடினால் நிதி விதிகளில் கிடைக்கிறது. ஜப்பானில் பள்ளிக் கட்டடம் கட்டுவது உள்ளாட்சியின் வேலை. மைய அரசு மானியம் தரும். வயதான கட்டடத்தை அதே இடத்தில் திரும்பக் கட்டினால் கிடைக்கும் மானியம் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. பள்ளிகளை இணைத்துப் புதிதாகக் கட்டினால் பாதி. ஒரு நகராட்சியின் நிதி அலுவலர் இந்த இரண்டு பின்னங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கல்வியியல் வாதம் எதுவும் தொடங்கும் முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அடுத்தது வகுப்புகளின் எண்ணிக்கை. ஒரு பள்ளிக்கு 12 முதல் 18 வகுப்புகள் இருப்பது உகந்த அளவு என்கின்றன ஜப்பானிய விதிகள். தொடக்கப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் என்பதால், ஆண்டுக்கு இரண்டு மூன்று பிரிவுகள் என்று பொருள். இது நடைமுறையில் என்ன செய்கிறது என்று காண ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்குப் பத்துப் பேர் வீதம் அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் ஐந்து என்று வையுங்கள். இரண்டு வகுப்புகளைச் சேர்த்தாலும் பதினாறு பேருக்கு மேல் வருவதால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பாக்கும் கூட்டு வகுப்பு விதி இங்கே பொருந்தாது. ஆகவே பள்ளிக்கு ஆறு வகுப்பு, மொத்தம் முப்பது வகுப்பு, ஐந்து தலைமையாசிரியர்கள். ஐந்தையும் இணைத்தால் முந்நூறு பிள்ளைகள், ஆண்டுக்கு ஐம்பது பேர். 1990-களில் ஒரு வகுப்பின் உச்ச வரம்பு நாற்பது. எனவே ஆண்டுக்கு இரண்டு பிரிவு, மொத்தம் பன்னிரண்டு வகுப்பு, ஒரு தலைமையாசிரியர். உகந்த அளவின் கீழ்வரம்பை அச்சாகத் தொட்டுவிடுகிறது. வகுப்புக்குப் பத்துப் பேர் இருந்தது இருபத்தைந்தாகிறது. வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுவதால், பதினெட்டு வகுப்புகளுக்குரிய ஆசிரியர் சம்பளம் மிச்சம்.

பத்துப் பேர் வகுப்பைவிட இருபத்தைந்து பேர் வகுப்பு கல்விக்கு நல்லதா? சிறிய வகுப்பில் பாடம் நன்றாக ஏறும், ஆனால் ஆறாண்டும் அதே பத்து முகங்கள், கால்பந்துக்கு அணி சேராது, ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டால் ஒதுங்கிப்போக இடமில்லை என்பார்கள் இணைப்பை வேண்டும் பெற்றோர். இதில் உண்மை இருக்கிறது. அமைச்சகம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியும் சிறு பள்ளிகளின் நன்மை, தீமை இரண்டையும் அடுக்கிவிட்டுத் தீர்ப்பை உள்ளாட்சிகளிடமே விடுகிறது. 12 முதல் 18 என்ற எண்ணுக்கு அழுத்தமான கல்வியியல் சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த எண் வேரூன்றிய காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். 1953-ல் தொடங்கிய ஊராட்சி இணைப்பு அலை, ஒரு நடுநிலைப் பள்ளியை நடத்தும் திறனை அளவுகோலாக வைத்து ஊர்களுக்கு 8,000 பேர் என்று கீழ்வரம்பு கட்டியது. சில ஆண்டுகளில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் உள்ளாட்சிகள் மூவாயிரத்துச் சொச்சமாயின. 1956-ல் பள்ளி இணைப்பை ஊக்குவிக்கும் சுற்றறிக்கை வந்தது இந்தச் சூட்டில்தான். ஊர்களில் கசப்பு முற்றியதும், 1973-ல் அதே அமைச்சகம், வலிந்து இணைக்காதீர்கள், சிறு பள்ளிக்கும் தனிச் சிறப்பு உண்டு என்று சுருதி மாற்றிக்கொண்டது.

4. கியோட்டோ முறை

1980-களில் கியோட்டோவின் நகர மையம் காலியாகிக்கொண்டிருந்தது. நிலத்தின் விலை ஏற ஏற, இளம் குடும்பங்கள் புறநகருக்குப் போயின. சில பள்ளிகளில் மொத்தமே நூறு பிள்ளைகள் இல்லை. மாநகராட்சியின் கல்வி வாரியம் இணைப்புத் திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. சிறு பள்ளிகளின் சிக்கலை விளக்கும் சிற்றேடுகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது. முதலில் அசைந்தவர்கள் பெற்றோர். பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் பேச்சு எழுந்தது. அங்கிருந்து வட்டாரக் குடியிருப்போர் கூட்டமைப்புகளுக்குப் போனது. பெரியவர்கள் தயங்கினார்கள், எதிர்த்தார்கள், ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள், கடைசியில் அவர்களே மாநகராட்சியிடம் மனு கொடுத்தார்கள். அந்த மனுவின்பேரில்தான் இணைப்பு. 1992-ல் ரகுஓ பள்ளியும், 1995-ல் தகாகுரா பள்ளியும் கோஷோ மினாமி பள்ளியும் இந்த வழியில் உருவாயின. பின்னர், 2011-ல், ஹிகாஷியாமாவில் ஐந்து தொடக்கப் பள்ளிகளும் இரண்டு நடுநிலைப் பள்ளிகளும் கைசெய்கான் என்ற ஒரே வளாகத்தில் சேர்ந்தன.

இந்த வெற்றிக்கு மூன்று விளக்கங்கள் சொல்லலாம். மாநகராட்சியின் பொறுமை என்பது முதலாவது. அது உண்மை, ஆனால் பொறுமையாகக் காத்திருந்தும் இணைப்பு நடக்காத ஊர்கள் ஜப்பானில் எத்தனையோ. தூரம் இரண்டாவது. அடுப்புப் பணத்தில் எழுந்த வட்டாரங்கள் மிகச் சிறியவை. நகர மையத்தில் ஐந்தைச் சேர்த்தாலும் ஆறு வயதுப் பிள்ளை நடந்தே போய்விடலாம். தொடக்கப் பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் என்று தேசிய விதி அனுமதிக்கும் எல்லைக்கு அருகில்கூட யாரும் வரவில்லை. மலைப்பகுதி ஊர்களில் இணைப்பு என்றாலே பள்ளிப் பேருந்து என்றாகிவிடும். கியோட்டோ மையத்தில் அந்தப் பேச்சே எழவில்லை. விதிவிலக்கு என்று கொண்டாடப்படும் ஊரை மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாக நீட்டும்போது இந்த எளிய உண்மையை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது விளக்கமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கியோட்டோவில் பள்ளியும் வட்டாரமும் ஒன்றாகப் பிறந்தாலும், இணைப்பின்போது இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க முடிந்தது. பிள்ளைகள் புதிய பள்ளிக்குப் போனார்கள். வட்டாரம் அதே இடத்தில், அதே கூட்டமைப்போடு, அதே தீயணைப்புப் படையோடு நின்றது. விளையாட்டு விழா பழைய பள்ளியின் மைதானத்திலேயே நடந்தது. புதிய பள்ளிகளுக்குப் பெயர் வைத்ததிலும் இந்த விவேகம் தெரிகிறது. பழைய பள்ளிகளின் பெயர்களில் எதையும் எடுக்கவில்லை. தகாகுரா என்பது ஒரு தெருப் பெயர். கோஷோ மினாமி என்றால் அரண்மனைக்குத் தெற்கே. யாருடைய பெயரும் வெல்லவில்லை, யாருடைய பெயரும் தோற்கவில்லை. மெய்ரின், கசுகா போன்ற மூடிய பள்ளிகளின் பெயர்கள் வட்டாரப் பெயர்களாக நிலைத்தன.

அப்படியானால் பெரியவர்கள் கையெழுத்திட்டது எதற்கு? பிள்ளைகளை இடம் மாற்றுவதற்கு. வளாகத்தைக் கைகழுவுவதற்கல்ல. பள்ளி மூடப்பட்டாலும் வளாகம் வட்டாரத்தின் நடுக்கூடமாகவே இருக்கும் என்ற புரிதல் அந்த ஒப்புதலுக்குள் இருந்தது. 1994-ல் மாநகராட்சி வெளியிட்ட அடிப்படைக் கொள்கையும் அதற்கு ஒத்தே இருந்தது. காலியாகும் வளாகங்களை வட்டாரத் தேவைக்கு, நகரம் முழுவதற்குமான பொதுப் பயன்பாட்டுக்கு, எதிர்காலத் தேவைக்கான இருப்புக்கு என்று அது வகைப்படுத்தியது.

யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதும் கேட்கத்தக்கதே. குடியிருப்போர் கூட்டமைப்புகளின் தலைமையில் நெடுங்காலம் அங்கே கடை வைத்திருந்த முதியவர்கள் நிறைந்திருந்தனர். வாடகைக்கு வந்தவர்கள், அடுக்குமாடியில் புதிதாகக் குடியேறியவர்கள் ஆகியோரின் குரல் எவ்வளவு ஒலித்திருக்கும் என்பது ஐயத்துக்குரியது. ஆனால் இந்தக் குறையை வைத்துக் கியோட்டோ முறையை வெறும் நாடகம் என்று தள்ளுவது அநியாயம். வளாகத்தின் உரிமையை மறக்காதவர்கள் அந்தப் பெரியவர்களே.

5. காலி வளாகங்கள்

முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்தப் புரிதல் காப்பாற்றப்பட்டது. கைச்சி பள்ளியின் வளாகம் 1998-ல் பள்ளி வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. பங்குமிப் பள்ளிகளுக்கு வட்டாரத்தார் கொடுத்த ஓவியங்களும் பாடநூல்களும் அங்கே வந்து சேர்ந்தன. 1993-ல் மூடிய மெய்ரின், 2000-ல் கியோட்டோ கலை மையமாகத் திறந்தது. சாய்தளத்தில் இப்போது நாடகக்காரர்கள் ஏறுகிறார்கள், 78 பாய் கூடத்தில் ஒத்திகையும் தேநீர்ச் சடங்கும் நடக்கின்றன, ஒரு வகுப்பறை காப்பிக் கடையாகிவிட்டது. 1995-ல் மூடிய தத்சுயிகே பள்ளியில் 2006-ல் சர்வதேச மங்கா அருங்காட்சியகம் வந்தது. மாநகராட்சியும் செய்க்கா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது. பழைய தலைமையாசிரியர் அறையையும் பள்ளி வரலாற்றையும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் விரித்திருக்கும் செயற்கைப் புல்லில் உலகெங்கிலும் இருந்து வந்தவர்கள் படுத்துப் புத்தகம் படிக்கிறார்கள்.

திருப்பம் 2011-ல் வந்தது. மாநகராட்சி தன் கொள்கையைத் திருத்தி, பள்ளி வளாகங்களைத் தனியார் நிறுவனங்களும் பயன்படுத்த வழி திறந்தது. காரணங்கள் வெளிப்படையானவை. மாநகராட்சியின் கடன் சுமை பெரிது. நகர மையத்தில் இவ்வளவு பெரிய நிலம் வேறெங்கும் கிடைக்காது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக ஓட்டல் அறைகளுக்குத் தட்டுப்பாடு. 2020-ல் இரண்டு ஓட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒன்று 2011-ல் மூடிய கியோமிசு பள்ளியின் 1933-ம் ஆண்டுக் கட்டடத்தில். மற்றொன்று ரிஸ்ஸெய் பள்ளியின் வளாகத்தில். ஜப்பானில் முதன்முதலில் சலனப்படம் திரையில் ஓடியது 1897-ல், இந்த இடத்தில்தான் என்பார்கள். பள்ளி மூடிய பிறகும் அங்கே சில காலம் சிறு திரையரங்கு ஒன்று இயங்கியது. ரிஸ்ஸெயின் நிலம் 60 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று.

ஓட்டல்கள் வட்டாரத்தை முற்றாக மறந்துவிட்டன என்று சொல்வது சரியல்ல. ரிஸ்ஸெயில் வட்டாரத்துக்கென்று கூடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நூலகம் இருக்கிறது, பழைய கட்டடத்தின் முகப்பு நிற்கிறது. ஒப்பந்தத்தின்போது குடியிருப்போர் கூட்டமைப்பையும் கலந்தார்கள். கட்டடங்கள் இடிந்து கிடப்பதைவிட இது நல்லது என்று வாதிடலாம், நானும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பள்ளியை மூடும்போது கேட்ட கேள்வியும் வளாகத்தை ஓட்டலுக்குக் கொடுக்கும்போது கேட்ட கேள்வியும் ஒன்றல்ல. முதலாவதில் பிள்ளைகளின் கல்வியை முன்வைத்து ஒப்புதல் பெற்றார்கள். இரண்டாவதில் பிள்ளைகள் இல்லை. நிலத்தின் விலை இருந்தது. முதல் கேள்விக்குப் பதில் சொன்ன தலைமுறை இரண்டாவதைக் கேட்கும்போது பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய பதிலை அடிப்படையாக வைத்துக்கொண்டு இரண்டாவது ஒப்புதல் கட்டப்பட்டது. ஷிமோக்யோ பகுதியின் ஒரு பழைய வளாகம் ஓட்டலாவதற்கு முன், நிலநடுக்கம் வந்தால் நாங்கள் எங்கே ஒதுங்குவது என்று குடியிருப்போர் ஆட்சேபித்தார்கள். அந்தக் கேள்வி 1869-ன் முரசுக் கோபுரத்திலிருந்து நேராக வருவது. பள்ளியை வெறும் கற்பிக்கும் இடமாகப் பார்த்த கணக்கில் அதற்கு இடமே இருக்கவில்லை.

இங்கே கொள்கை ஆய்வாளர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையைச் சுட்டவேண்டும். இணைப்பு வெற்றியா தோல்வியா என்று புதிய பள்ளி திறந்து ஐந்தாண்டுக்குள் அளந்துவிடுகிறார்கள். அளப்பது புதிய பள்ளியை மட்டும். மூடிய பள்ளிகளின் கதை அந்தக் கணக்கேட்டில் 'மிச்சம்' என்ற பத்தியில் ஓர் எண்ணாக முடிந்துவிடுகிறது. கியோட்டோவின் சான்று இதை மறுக்கிறது. இணைப்பு என்பது இரண்டு முடிவுகள். ஒன்று பிள்ளைகளைப் பற்றியது, உடனே எடுப்பது. மற்றொன்று நிலத்தைப் பற்றியது, இருபது ஆண்டு கழித்து வேறு ஆட்கள், வேறு நோக்கத்தோடு எடுப்பது. முதலாவதற்குப் பெறும் ஒப்புதலில் இரண்டாவதை எழுத்தில் கட்டிப்போடாவிட்டால், அது திறந்த காசோலையாகிவிடும்.

6. கோஷோ மினாமியும் கசுகாவும்

இந்த வாதத்துக்கு எதிராக ஒருவர் கேட்கலாம். நிலத்தை எதற்குக் கட்டிக் காக்கவேண்டும்? பிள்ளைகள் குறைகிறார்கள், இனிக் கூடப்போவதில்லை, காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கோஷோ மினாமி இதற்குப் பதில் சொல்கிறது. ஐந்து வட்டாரங்களை இணைத்து உருவான இந்தப் பள்ளி, கியோட்டோவின் கல்விச் சீர்திருத்தத்தின் காட்சிப்பெட்டியாகிவிட்டது. வட்டார மக்கள் பள்ளி நிர்வாகத்தில் பங்கேற்கும் முறையை நாட்டிலேயே முன்கூட்டிச் சோதித்துப் பார்த்த பள்ளிகளில் இதுவும் ஒன்று. பெயர் பரவியது. இந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு என்பதே அடுக்குமாடி விளம்பரங்களின் முதல் வரியாயிற்று. நில விலைக் குமிழி வெடித்து விலை சரிந்தபின் எழுந்த குடியிருப்புகளில் இளம் குடும்பங்கள் வந்து குவிந்தன. பிள்ளைகள் இல்லை என்று இணைத்த பள்ளியில் பிள்ளைகள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஆறாம் வகுப்பை அருகிலிருந்த ஓயிகே நடுநிலைப் பள்ளிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். தொடக்கப் பள்ளியையும் நடுநிலைப் பள்ளியையும் இணைத்துப் பாடம் நடத்தும் புதுமை என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. இடநெருக்கடியும் கூடவே இருந்தது. அதுவும் போதவில்லை.

2018 ஏப்ரலில் கோஷோ மினாமியைப் பிரித்து கோஷோ ஹிகாஷி என்ற புதிய தொடக்கப் பள்ளியைத் திறந்தார்கள். திறந்த இடம், 1995-ல் மூடிய கசுகா பள்ளியின் வளாகம். இருபத்துமூன்று ஆண்டு கழித்து அந்த நிலத்தில் மறுபடியும் தொடக்கப் பள்ளி.

இதை இணைப்பே தவறு என்பதற்கான சான்றாக நான் கொள்ளவில்லை. இணைத்ததால்தான் அந்தப் பள்ளி புகழ் பெற்றது, புகழ் பெற்றதால்தான் பிள்ளைகள் வந்தார்கள் என்றும் வாதிடலாம். 1990-ன் பிள்ளைக் கணக்கு தவறு என்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டின் நிலைக்கு அது சரியே. தவறு வேறிடத்தில். பள்ளி வட்டாரத்தின் பிள்ளை எண்ணிக்கையை மழையளவு போல வெளியிலிருந்து வரும் இயற்கை எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். அது நிலத்தின் விலை, கட்டட உயர விதி, பள்ளியின் பெயர் ஆகியவற்றால் ஆக்கப்படும் எண். மாநகராட்சியின் ஒரு துறை பள்ளியை மூடும்போதே இன்னொரு துறையின் முடிவுகள் அதே தெருவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரலாம்.

கசுகாவில் பள்ளி திரும்பி வர முடிந்ததற்குக் காரணம் ஒன்றே: வளாகம் மாநகராட்சியின் கையைவிட்டுப் போகாமல் இருந்தது. 1994 கொள்கையின் எதிர்கால இருப்பு என்ற வகை, அன்றைக்கு எதுவும் தோன்றாத இடங்களைப் போட்டுவைக்கும் பெட்டி போலத் தெரிந்திருக்கலாம். கடைசியில் பயன்பட்டது நிலத்தைக் கைவிடாமல் வைத்திருக்கும் அந்த மனப்பான்மைதான். ரிஸ்ஸெயிலும் கியோமிசுவிலும் அந்த வாய்ப்பு இனிக் கிடையாது. ரிஸ்ஸெயின் குத்தகை முடியும்போது ஆண்டு 2080-ஐ நெருங்கியிருக்கும். அதற்குள் கமோ ஆற்றங்கரைத் தெருக்களில் பிள்ளைகள் பெருகினால், மாநகராட்சி மிக விலையுயர்ந்த அந்த நிலத்தின் குத்தகையை விலை கொடுத்து மீட்கவேண்டும், அல்லது அந்த வட்டாரப் பிள்ளைகள் போகும் தகாகுராவின் மைதானத்தில் தற்காலிக வகுப்பறைகளை நிறுத்தவேண்டும்.